மேல் பல்செட் நிற்கிறது, கீழ் பல்செட் ஏன் ஆடுகிறது?

முழுப் பல்செட் போட்டுக்கொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "மேல் செட்டில் தொந்தரவே இல்லை, கீழ் செட்தான் நிற்க மாட்டேன் என்கிறது." பேசும்போது எழும்புகிறது, மெல்லும்போது நகர்கிறது, ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்கிறது. பல் சரியில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தனக்குத்தான் பழகத் தெரியவில்லை என்று மனம் நொந்து, செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பல்செட் நிற்பதும் ஆடுவதும் அதிலுள்ள பற்களால் தீர்மானமாவது குறைவு. அது உட்காரும் இடம், அதன் விளிம்பு, இரண்டு தாடைகளும் சந்திக்கும் அளவு ஆகிய மூன்றிலும்தான் விஷயம் இருக்கிறது. இந்த மூன்றும் செட் கைக்கு வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகின்றன.

முதலில் இயற்கைப் பல் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். பல்லின் வேர் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று பல்லைக் குழிக்குள் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறது. கடிக்கும் விசையை அது தாங்கிப் பகிர்ந்துகொள்கிறது. கடிப்பது மென்மையா, கடினமா என்ற உணர்வையும் மூளைக்கு அனுப்புகிறது. ஒரு தாடையில் இந்த நார்த்திசுவின் மொத்தப் பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். பற்கள் போன பிறகு மேல் செட்டுக்குக் கிடைக்கும் ஈற்றுப் பரப்பு ஏறக்குறைய 23 சதுர சென்டிமீட்டர்தான். கீழ் செட்டுக்கோ 12 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத்தான் கிடைக்கிறது. அதுவும் சுமை தாங்கப் படைக்கப்பட்ட திசு இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈரமான சவ்வு, மேலே கெட்டியான பிளாஸ்டிக்குக்கும் கீழே எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. முழுப் பல்செட் போட்டவரின் கடி வலு, சொந்தப் பல் உள்ளவரின் வலுவில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மேல் செட்டைப் பிடித்து வைத்திருப்பது உமிழ்நீர். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்திவிட்டு நேராக இழுத்துப் பாருங்கள், லேசில் பிரியாது. செட்டுக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமும் அப்படித்தான் பிடிக்கிறது. படலம் எவ்வளவு மெல்லியதோ, பரப்பு எவ்வளவு அகலமோ, அவ்வளவு பிடிப்பு. கூடவே, சுற்றிலும் விளிம்பு சவ்வோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தால் காற்று உள்ளே நுழைய முடியாது. அப்போது செட்டை இழுக்கிற நேரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் துணைக்கு வரும். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுவதால் அதற்கு இந்த வசதிகள் எல்லாமே கிடைத்துவிடுகின்றன. கீழ் செட் லாடம் போல வளைந்த ஒரு குறுகிய பட்டை. நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு, ஒரு பக்கம் கன்னம், முன்னால் உதடு, அடியில் விழுங்கும்போதெல்லாம் மேலெழும் வாயின் தளம். இத்தனைக்கும் நடுவே அது படலத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சுற்றியுள்ள தசைகளே அதை அணைத்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும் வகையில் செட்டின் வடிவம் இருக்க வேண்டும்.

இதோடு எலும்புத் தேய்மானமும் சேர்ந்துகொள்கிறது. பல்லைத் தாங்குவதற்காகவே இருந்த எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்கக் கரைகிறது. பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆன்ட்யே டால்கிரென் 1972-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கீழ்த்தாடையின் முன்பகுதி, மேல்தாடையைப் போல சுமார் நான்கு மடங்கு உயரத்தை இழக்கிறது என்பது அதில் தெரியவந்தது. கரையும் திசையும் இரண்டிலும் வேறு. மேல்தாடை உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகிறது, கீழ்த்தாடை கீழிறங்கி வெளிநோக்கி அகல்கிறது. வருடங்கள் ஆக ஆக முகவாய் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, ஏற்கெனவே பரப்பில் ஏழையான கீழ்த்தாடைதான் எலும்பையும் அதிகமாக இழக்கிறது. "ஆயுளுக்கும் தாங்கும் பல்செட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செட் அப்படியே இருக்கலாம், அது உட்கார்ந்திருக்கும் இடம் அப்படியே இருக்காது.

சரி, இப்படிப்பட்ட இடத்தில் நிற்கும்படி ஒரு செட்டை எப்படிச் செய்கிறார்கள்?

வேலை வாயைப் பார்ப்பதில் தொடங்குகிறது. ஈறு மேடு உயரமாக இருக்கிறதா, தட்டையாகிவிட்டதா, கத்தி முனை போலக் கூர்மையாக இருக்கிறதா, தொட்டால் தளதளவென்று ஆடுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். உமிழ்நீர் போதுமா என்றும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை போன்றவற்றுக்கான சில மருந்துகள் வாயை உலர்த்திவிடும். படலமே இல்லாத வாயில் எவ்வளவு நல்ல செட்டும் தடுமாறும். அதனால் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளை ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பழைய செட் போட்டிருப்பவர் என்றால், அளவெடுப்பதற்கு முன் ஒரு நாளாவது அதைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். நசுங்கி வீங்கிய சவ்வின் மேல் அளவெடுத்தால், அந்த வீக்கத்துக்குத்தான் புதுச் செட் பொருந்தும்.

முதல் அளவு ஒரு பொதுவான ட்ரேயில், ஆல்ஜினேட் போன்ற பொருளைக் குழைத்து எடுக்கப்படுகிறது. அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி மாதிரி அச்சு செய்து, அந்த அச்சின் மேல் அந்த ஒருவருக்கென்றே தனி ட்ரே செய்கிறார்கள். இதன் விளிம்பு, இறுதி விளிம்பு வரவேண்டிய இடத்துக்கு சுமார் 2 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். அந்த இடைவெளியில்தான் முழு வேலையின் உயிர் இருக்கிறது என்பேன்.

கிரீன் ஸ்டிக் என்று ஒரு பச்சை நிறக் குச்சி இருக்கிறது. சூட்டில் இளகும், வாயின் வெப்பத்தில் மெல்ல இறுகும். அதைத் தீயில் காட்டி இளக்கி, ட்ரேயின் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, வாய்க்குள் பொருத்துகிறார்கள். அப்புறம் உதட்டையும் கன்னத்தையும் இழுத்து அசைப்பார்கள். "வாயை அகலமாகத் திறங்க, தாடையை இடப்பக்கம் வலப்பக்கம் நகர்த்துங்க, நாக்கை வெளியே நீட்டுங்க, நாக்கால் இரண்டு கன்னத்தையும் தொடுங்க" என்று சொல்வார்கள். ஒவ்வொரு அசைவிலும் தசைகள் அந்த இளகிய பொருளைத் தள்ளி, தங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தாங்களே எழுதிவிடுகின்றன. விளிம்பு தேவைக்கு மேல் நீண்டால், வாய் அசையும்போதெல்லாம் தசை செட்டைத் தூக்கிவிடும், சவ்வும் அறுந்து புண்ணாகும். குட்டையாக இருந்தால் காற்று நுழைந்து பிடிப்பு போய்விடும். உதட்டையும் கன்னத்தையும் ஈற்றோடு கட்டியிருக்கும் சிறு தசைநார் மடிப்புகளுக்கு விளிம்பில் சரியான வெட்டு விட வேண்டும். பகுதி பகுதியாகச் செய்ய வேண்டிய வேலை இது. அவசரப்படுத்தினால் கெட்டுவிடும். அளவெடுக்க எதற்கு இத்தனை நேரம் என்று நாற்காலியில் அலுத்துக்கொள்கிறவர்கள், தங்கள் கீழ் செட்டின் எதிர்காலம் அந்த நேரத்தில்தான் தீர்மானமாகிறது என்பதை அறிந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

விளிம்பு தயாரானதும், துத்தநாக ஆக்சைடும் கிராம்புத் தைலச் சத்தான யூஜினாலும் கலந்த பசையையோ, சிலிகான் வகைப் பொருளையோ மெல்லியதாகப் பரப்பி இறுதி அளவு எடுக்கிறார்கள். எங்கே அழுத்தலாம், எங்கே அழுத்தக் கூடாது என்ற கணக்கும் இதில் உண்டு. மேலண்ணத்தின் நடுக்கோட்டில் சவ்வு மிக மெல்லியது. முன்பற்களுக்குப் பின்னாலுள்ள சிறு மேட்டின் அடியில் நரம்பும் ரத்தக்குழாயும் வெளிவருகின்றன. இவை இரண்டின் மேலும் சுமை விழாமல் விட்டுவிட வேண்டும். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பக்கம், ஈறு மேட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே அடர்ந்த எலும்பு அகலமாகப் படுத்திருக்கிறது. கடிக்கும் விசைக்கு அது ஏறக்குறைய செங்குத்தாக அமைந்திருப்பதால் அங்கே தாராளமாகச் சுமை ஏற்றலாம். தாடையின் பின்கோடியில் பேரிக்காய் வடிவத்தில் ஒரு மெத்தென்ற மேடு உண்டு. அதன் அடியிலுள்ள எலும்பு எளிதில் கரையாது என்பதால் கீழ் செட் அதையும் மூட வேண்டும். பல கீழ் செட்டுகள் இந்த இரண்டு இடங்களையும் தொடாமலே முடிந்துவிடுகின்றன. சிறியதாக இருந்தால் உறுத்தாது என்ற எண்ணத்தில் குட்டையாகச் செய்த கீழ் செட், இருக்கிற கொஞ்சம் பரப்பையும் கைவிட்டு, குறுகிய ஒரு கோட்டின் மேல் எல்லாச் சுமையையும் ஏற்றிவிடுகிறது. பெரிதாகத் தெரியும் செட்டே வாயில் சுகமாக இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

மேல் செட்டின் பின்விளிம்புக்குத் தனிக் கவனம் வேண்டும். "ஆ" என்று சொல்லச் சொல்லி, மென்மையான அண்ணம் அசையத் தொடங்கும் கோட்டைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் அச்சை லேசாகச் சுரண்டி, செட் அங்கே சவ்வைச் சற்று அழுத்தும்படி செய்கிறார்கள். செட் செய்யப்படும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் அண்ணத்தின் பின்பகுதியில்தான் முதலில் இடைவெளி விழும். இந்தச் சிறு அழுத்தம் அந்த இடைவெளியை அடைத்துக் காற்றைத் தடுக்கிறது.

அடுத்தது கடி அளவு. பல் இருந்தபோது இரண்டு தாடைகளும் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்களே காட்டின. இப்போது அந்த அடையாளமே இல்லை. மூக்கு நுனியில் ஒரு புள்ளி, முகவாயில் ஒரு புள்ளி வைத்து, தாடை ஓய்வாக இருக்கும்போது அவற்றுக்கிடையிலான தூரத்தை அளக்கிறார்கள். பற்கள் கடித்து நிற்கும்போது அந்தத் தூரம் அதைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்க வேண்டும். அதாவது, ஓய்வில் இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. உயரம் கூடினால் பேசும்போது பற்கள் டக் டக்கென்று இடிக்கும், உதடு மூடச் சிரமப்படும், தசைகள் ஓய்வின்றி ஈறு முழுக்க வலிக்கும். குறைந்தால் முகவாய் மூக்கை நெருங்கி முகம் சுருங்கிவிடும், வாயோரத்தில் உமிழ்நீர் தேங்கி வெடிப்பும் புண்ணும் வரலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சரியான கருவி என்று எதுவும் இல்லை. அளந்தும், பேசவைத்தும், விழுங்கவைத்தும், முகத்தைப் பார்த்தும்தான் முடிவுக்கு வருகிறார்கள். மருத்துவரின் அனுபவம் வேறெங்கையும்விட இங்கே அதிகமாகத் தேவைப்படுகிறது.

உயரத்தோடு முன்பின் நிலையும் சரியாக வேண்டும். பல நாள் பல்லில்லாமல் இருந்தவர்கள் தாடையை முன்னால் தள்ளிக் கடிக்கப் பழகியிருப்பார்கள். அப்படியே அளவெடுத்துவிட்டால், செட் வந்த பிறகு தாடை தன் இயல்பான இடத்துக்குப் பின்வாங்கும், பற்கள் ஒன்றோடொன்று சேராமல் செட்டைத் தள்ளிவிடும். அதனால் நாக்கு நுனியை அண்ணத்தின் பின்பக்கம் வைத்துக்கொண்டு மெதுவாக வாயை மூடச் சொல்வது வழக்கம். தாடை தானாகப் பின்னால் வந்துவிடும். இந்த அளவுகளை மெழுகுக் கட்டைகளில் பதிவு செய்து, தாடையின் அசைவை ஓரளவு நடித்துக்காட்டும் ஆர்டிகுலேட்டர் என்ற கருவியில் அச்சுகளை ஏற்றுகிறார்கள். லேப் டெக்னீசியன் அந்த வாயைப் பார்த்திருக்கவே மாட்டார். அவருக்குத் தெரிந்த வாய் இந்தக் கருவியில் இருப்பதுதான். பதிவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அவர் எவ்வளவு திறமையாகப் பல் அடுக்கினாலும் அந்தப் பிசகையும் சேர்த்துத்தான் அடுக்குவார்.

பல் தேர்வில் நிறையக் கொள்கைகள் வந்து போயிருக்கின்றன. முகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வரும் வடிவமே முன்பல்லின் வடிவம் என்று லியோன் வில்லியம்ஸ் 1914-இல் சொன்னார். சதுரம், முக்கோணம், முட்டை வடிவம் என்று பற்களின் பெட்டிகள் இன்றும் அந்த வகைப்படி வருகின்றன. ஆனால் இயற்கைப் பற்களை அளந்து பார்த்த பிற்கால ஆய்வுகளில் அப்படி ஒரு உறுதியான ஒற்றுமை தெரியவில்லை. அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று, பல் தெரியச் சிரிக்கிற மாதிரி இருந்தால், அது எந்தக் கொள்கையையும்விட உதவும். மேல் முன்பற்களின் முகப்பு, அண்ணத்தின் முன்பக்கச் சிறு மேட்டிலிருந்து சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. எலும்பு கரைந்த பிறகு ஈறு மேட்டின் மேலேயே பற்களை அடுக்கிவிட்டால் அவை உள்ளே போய்விடும், மேலுதடு தாங்கலின்றி உள்வாங்கி முகம் முதுமை தட்டிவிடும். வெள்ளை வெளேரென்று, வரிசை கொஞ்சமும் பிசகாத பற்களைத்தான் பலர் கேட்கிறார்கள். அறுபது எழுபது வயது முகத்தில் அது செட் என்று உடனே தெரிந்துவிடும். லேசான நிறம், ஒரு பல் சற்றே திரும்பிய வாகு, இவைதான் சொந்தப் பல் போலக் காட்டும்.

கடைவாய்ப் பற்கள் விஷயத்தில் அழகைவிடச் சமநிலை முக்கியம். நாக்கு வெளியே தள்ளும் விசையும் கன்னம் உள்ளே தள்ளும் விசையும் சமமாகிற ஒரு நடுப்பட்டை வாயில் இருக்கிறது. பற்கள் அதற்குள் நின்றால் தசைகள் செட்டைத் தாங்கும், வெளியே போனால் தள்ளும். பக்கவாட்டில் தாடை நகரும்போது இரண்டு பக்கப் பற்களும் தொட்டுக்கொண்டிருந்தால் செட் ஒரு பக்கமாகக் கவிழாது என்பதால், அப்படி அடுக்குவதே நெடுநாள் வழக்கம்.

மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாளை யாரும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அன்றுவரை எதையும் மாற்றலாம். அக்ரிலிக் ஆன பிறகு பெரிய மாற்றம் என்றால் திரும்பவும் செய்ய வேண்டியதுதான். பேசிப் பாருங்கள். "வ" சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டை மெல்ல நெருங்க வேண்டும். "ஸ" சொல்லும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் மிக நெருங்கி வந்தாலும் இடிக்கக் கூடாது. "த"வுக்கு நாக்கு நுனி பல்லின் பின்புறத்தைத் தொட வேண்டும். கண்ணாடியைக் கையில் வாங்கி நிதானமாகப் பாருங்கள். வீட்டில் ஒருவரை அழைத்துப் போவது நல்லது. மருத்துவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வருந்துகிறவர்கள் நிறையப் பேர். நல்ல மருத்துவர் அந்த நாளில் குறை கேட்கத்தான் விரும்புவார்.

அக்ரிலிக் வருவதற்கு முன் பல்செட்டுக்காகப் பட்ட பாடு பெரிது. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் செட்டுகள் மரத்தாலானவை என்ற கதை தவறு. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம் எல்லாம் சேர்த்துச் செய்து, ஸ்பிரிங்கால் இணைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குட்இயர் குடும்பத்தாரின் கெட்டி ரப்பர் வந்த பிறகுதான் ஓரளவு மலிவான, அச்சோடு பொருந்துகிற செட் சாத்தியமானது. காப்புரிமைக் கட்டணம் கேட்டு அந்த ரப்பர் நிறுவனம் பல் மருத்துவர்களை ஓயாமல் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் அதன் பொருளாளர் ஜோசையா பேகனை, சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டுக் கொன்றார். ரப்பரின் இடத்தை 1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பிடித்தது. ஈற்றின் நிறம், எளிதான செய்முறை, பழுது பார்க்கும் வசதி ஆகிய காரணங்களால் இன்றும் அதுவே முதன்மைப் பொருள்.

அக்ரிலிக் பொடி மூன்று பங்கு, திரவம் ஒரு பங்கு என்ற கணக்கில் குழைத்து, மெழுகு உருக்கி எடுத்த அச்சுக்குள் அடைத்து, நீரில் சூடாக்குகிறார்கள். 74 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பது ஒரு நிதானமான முறை. எடுத்ததுமே கொதிக்கவிட்டால் உள்ளிருக்கும் திரவம் ஆவியாகிக் குமிழ்கள் விழும், செட் வலுவிழக்கும். கணினியில் வடிவமைத்து, தொழிற்சாலையில் ஏற்கெனவே இறுக்கப்பட்ட அக்ரிலிக் வட்டிலிருந்து கடைந்தெடுக்கும் முறையும் இப்போது பரவிவருகிறது. இறுகும்போது சுருங்கும் தொல்லை அதில் இல்லை, உடைந்தாலோ தொலைந்தாலோ அதே செட்டைத் திரும்பச் செய்யலாம். ஆனால் விளிம்பையும் கடி அளவையும் தவறாக எடுத்துக்கொடுத்தால், கணினியும் அந்தத் தவறைத்தான் கடைந்து தரும்.

செட் வந்த நாளன்று உள்பக்கம் ஒரு பசை தடவி வாயில் அழுத்தி, எங்கே அதிகம் அழுத்துகிறது என்று பார்த்துத் தேய்க்கிறார்கள். கடியையும் சரிசெய்கிறார்கள். மறுநாள் அல்லது ஓரிரு நாளில் திரும்ப வரச் சொல்வார்கள், கட்டாயம் போக வேண்டும். புண் வந்திருந்தால், பார்க்கப் போகும் நாளுக்குச் சில மணி நேரம் முன்பு செட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். அப்போதுதான் எந்த இடம் உறுத்துகிறது என்பது தெரியும். வீட்டில் கத்தியாலோ அரத்தாலோ தேய்க்கக் கூடாது. ஆரம்பத்தில் எச்சில் அதிகம் ஊறும், வாய் நிறைந்தது போல இருக்கும், சில எழுத்துகள் குழறும். சத்தமாக வாசித்துப் பழகினால் பேச்சு சீக்கிரம் வந்துவிடும். மெல்லப் பழகச் சில வாரங்கள் ஆகும். மென்மையான உணவில் தொடங்கி, சின்னச் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் வைத்து மெல்வது நல்லது. முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் தூக்கும்.

இரவில் கழற்றி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். சவ்வுக்கு ஓய்வு தேவை. இரவும் பகலும் போட்டிருப்பவர்களுக்கு அண்ணம் சிவந்து, கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று வருவது மிகச் சாதாரணம். கொதிநீர் செட்டின் வடிவத்தைக் கெடுக்கும், பற்பசை அதன் மேற்பரப்பைக் கீறும். மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரம் இருந்தால், கைதவறினாலும் உடையாது.

எலும்பு கரையக் கரைய செட் தளரும். அப்போது உள்பக்கத்துக்கு மட்டும் புதுப் பூச்சு கொடுத்துப் பொருத்தலாம், இதை ரீலைன் என்கிறார்கள். வருடம் ஒருமுறை காட்டினால் இதைக் காலத்தில் செய்துவிடலாம். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் பொதுவாகப் புதுச் செட் தேவைப்படும், பற்களும் தேய்ந்திருக்கும். தளர்ந்த செட்டை ஒட்டும் பசையால் சமாளித்துக்கொண்டே இருப்பது சரியில்லை. பொருந்தாத செட்டின் அழுத்தம் எலும்பு கரைவதை இன்னும் விரைவுபடுத்தும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கீழ் செட் நிற்காத அளவுக்கு மேடு கரைந்தவர்களுக்கு, தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய வேரான இம்ப்ளான்ட் வழி திறந்திருக்கிறது. டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக இணைந்து வளர்வதைக் கண்ட பெர்-இங்வார் பிரோனமார்க், 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அதைப் பொருத்தினார். கீழ்த்தாடையில் கோரைப்பல் இருந்த இரண்டு இடங்களில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதில் மாட்டும்படி செட் செய்வதே பல்லற்ற கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002-இல் அறிவித்தார்கள். இம்ப்ளான்ட் நிற்கும் இடத்தில் எலும்பு கரைவதும் குறைகிறது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சில எலும்பு மருந்துகள் போன்றவை இருந்தால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இம்ப்ளான்ட் வைத்தாலும் செட்டின் விளிம்பும் கடி அளவும் மேலே சொன்ன அதே கவனத்தோடு எடுக்கப்பட வேண்டும், ஏனென்றால் செட்டின் பின்பாதி அப்போதும் ஈற்றின் மேல்தான் உட்காரும். மாட்டும் இடத்திலுள்ள வளையங்கள் தேயும்போது மாற்றிக்கொள்ள வேண்டும், இரவில் செட்டைக் கழற்றி வைப்பதும் தொடரும்.